திருநெல்வேலி வானொலியும் தாராவி நேயரும்

மும்பையில் வாழும் தமிழருள் பலருக்குத் திருநெல்வேலிச் சீமையே தாயகம். தோல் பதனிடும் தொழிலை நாடித் தாராவிக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே பெருந்தொகையினராக வாழ்கின்றனர். அவருள் ஒருவர் காலையில் கடையைத் திறந்ததும் தம் கைபேசியில் திருநெல்வேலி வானொலியை வைக்கிறார் எனக் கொள்வோம். பாபநாசம் அணையின் நீர்மட்டம் எவ்வளவு, வாழைத்தார் என்ன விலைக்குப் போயிற்று என்பனவெல்லாம், 1,200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு அவர் தெளிவாகக் கேட்கிறார். அணைநீரால் அவருக்கு இன்று ஆவது ஒன்றுமில்லை. எனினும் கேட்கிறார்.

முந்தைய தலைமுறைக்கு இவ்வாய்ப்பு இல்லை. 1963-இல் தொடங்கப்பெற்ற அந்நிலையத்தின் மத்திய அலைவரிசை 1,197 கிலோஹெர்ட்ஸ். அதற்கு அடுத்த படியாகிய 1,188-இல் மும்பையின் விவித் பாரதி முழங்கிக்கொண்டிருந்தது. அண்டை வீட்டார் உரக்கப் பேசும்போது தொலைவில் உள்ளவர் முணுமுணுப்பு நம் செவிக்கு எட்டுமா? இரவில், வானின் மேலடுக்குகள் மத்திய அலையைத் திருப்பி அனுப்பும் வேளையில், சென்னை நிலையம் சில போது இரைச்சலோடு கேட்டதுண்டு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முதியோர் அதனை நினைவுகூர்வர். பகலில் அதுவும் இல்லை.

இன்று ஸ்ட்ரீமிங் எனப்படும் இணையவழி ஒலிபரப்பு அத்தடையை நீக்கிவிட்டது. பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் 200-க்கு மேற்பட்ட வானொலிச் சேவைகள் ஒருங்கே கிடைக்கின்றன. ஆனால் வானலையும் இணையமும் தொழிற்படும் முறை வேறு. ஒலிபரப்புக் கோபுரத்திற்கு நேயர் பத்துப் பேராயினும் பத்து இலட்சம் பேராயினும் செலவு ஒன்றே. இணையத்தில் ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனிப் படியை வழங்கிக் கணினி அனுப்பியாக வேண்டும். நேயர் பெருகப் பெருகச் செலவும் பெருகும். கேட்பவருக்கும் செலவு உண்டு. வினாடிக்கு 64 கிலோபிட் வீதம் வரும் ஒலி, மணிக்கு ஏறக்குறைய 29 மெகாபைட் டேட்டாவைக் கொள்ளும். பொட்டலங்களாகப் பிரிந்து வரும் ஒலியைக் கைபேசி சிறிது சேர்த்து வைத்துக்கொண்டே இசைப்பதால், அது பல வினாடிகள் பிந்தி வரும். ஆதலின் செயலியில் ஒலிக்கும் நேரக்குறிப்பைக் கொண்டு யாரும் தம் கடிகாரத்தைத் திருத்தற்க!

இனி, இதனால் அந்நிலையத்திற்கு நன்மையா தீமையா என்பதைப் பார்க்கவேண்டும். திருநெல்வேலியை மும்பைக்குக் கொண்டுவரும் அதே இணையம், சென்னையையும் தில்லியையும் திருநெல்வேலி வீதிகளுக்குக் கொண்டுசெல்கிறது. நெல்லை நேயரே சென்னையை நேராகக் கேட்கலாம் எனும்போது, இடையில் ஒரு நிலையம் எதற்கு, தனி அறிவிப்பாளர் எதற்கு என்ற வினா கணக்கெழுதுவோர் மனத்தில் எழாமல் இராது. தலைமை நிலையத்தின் நிகழ்ச்சியை அஞ்சல் செய்வது வானொலிக்குப் புதிதன்று. அதனை முழுநேர வழக்கமாக்க இப்போது ஒரு காரணம் கூடியிருக்கிறது, அவ்வளவே. நாடெங்கும் நிலையங்கள் மூடப்படுகின்றன என்ற செய்தி 2021 அக்டோபரில் பரவியது. பிரசார் பாரதி அதனை மறுத்து, எந்த மாநிலத்திலும் எந்த நிலையமும் தரங்குறைக்கப்படவில்லை என அறிவித்தது. மறுப்பு வந்தது நல்லதே. ஆயினும் அச்சம் எழுந்த காரணம் மறைந்துவிடவில்லை.

அமெரிக்காவில் இச்சிக்கல் முன்னரே முற்றியது. அங்கே என்.பி.ஆர். என்னும் பொது வானொலி, உறுப்பு நிலையங்கள் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு நிகழ்ச்சி தயாரித்து அவற்றுக்கே வழங்கி வந்தது. 2014-இல் அது நேயரை நேரே சென்றடையும் செயலி ஒன்றை வெளியிட்டது. தாங்கள் ஓரங்கட்டப்படுவோமோ என உறுப்பு நிலையங்கள் கலங்கின. 2016-இல், தன் செயலியை வானலையில் விளம்பரம் செய்யவேண்டாம் என்று அவ்வமைப்பே தன் அறிவிப்பாளருக்குக் குறிப்பு அனுப்ப நேர்ந்தது. தான் பெற்ற பிள்ளையின் பெயரைத் தானே சொல்லக்கூடாது என்ற நிலை!

வருவாயிலும் ஒரு முரண் உண்டு. உள்ளூர்க் கடைக்காரர் விளம்பரத்திற்குப் பணம் தருவது, கேட்பவர் தம் கடைக்கு வருவார் என்பதற்காக. தாராவியில் இருப்பவர் அவருக்கு வாடிக்கையாளர் அல்லர். எனவே தொலைவிலுள்ள நேயர் பல்லாயிரமாகப் பெருகினும் நிலையத்தின் பெட்டி நிரம்புவதில்லை.

நிலையத்தின் உண்மையான தேவை பேரிடரில் தெரியும். 2005 சூலை 26-இல் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பைத் தமிழர் மறந்திரார். ஏறத்தாழ அதே அளவு, 95 சென்டிமீட்டர், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது, திருச்செந்தூரிலிருந்து சென்னை செல்லும் இரயில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் திருவைகுண்டத்தில் நின்றது. மின்சாரம் அற்றுக் கைபேசிக் கோபுரங்கள் அடங்கிய இடங்களில் செயலிகளும் ஊமையாயின. மும்பையிலிருந்து அழைத்தவருக்கும் மறுமுனை கிடைக்கவில்லை. இத்தகைய நேரத்தில் இரண்டு பாட்டரி போட்ட டிரான்சிஸ்டருக்கு எட்டுவது கோபுரத்தின் குரலே. எந்தப் பாலம் அறுந்தது, எந்தப் பள்ளியில் தங்கலாம் என்று அதில் சொல்வதற்கு அவ்வூரை அறிந்த ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும்; சென்னையிலிருந்து வரும் அஞ்சலில் அது வாராது.

நேயர்களே, கோபுரத்திற்குத் தன்னைக் கேட்பவர் எத்தனை பேர் என்று தெரியாது. அந்நாளில் கடிதம் வந்தால்தான் உண்டு. வழங்கிக் கணினியோ எவ்வூரில் எத்தனை பேர், எத்தனை நிமிடம் கேட்டனர் என எண்ணி வைக்கிறது. ஆனால் கேட்டது எதற்காக என்பதை அது அறியாது. திரைப்பாடலுக்காகவா, பாபநாசம் அணையின் நீர்மட்டத்திற்காகவா என்பதை நாமே ஓர் அஞ்சலட்டையில் எழுதி நிலையத்திற்கு அனுப்பலாம்.