தொலைவிலிருந்து கணிப்பொறியைப் பழுதுபார்த்தல்: தக்க கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ள மத்திய ரயில் நிலையத்தில் பயணி ஒருவர் முன்பதிவுச் சீட்டுக் கேட்கிறார். எழுத்தர் விசைப்பலகையைத் தட்டியதும் சில விநாடிகளில் இருக்கை எண் திரையில் தோன்றுகிறது. அந்த இருக்கைக் கணக்கு எழுத்தரின் முன்னுள்ள பொறியில் இல்லை. தென்னக ரயில்வேயின் முன்பதிவுக் கணக்குகளைத் தாங்கும் மையக் கணிப்பொறி சென்னையில் இருக்கிறது. ஆகவே தொலைவிலுள்ள பொறியொன்றை அருகிலுள்ள திரையின் வாயிலாக இயக்குவது நமக்குப் புதிய செய்தியன்று.

இந்த ஏற்பாட்டைத் திருப்பி அமைத்தால் என்ன நேரும்? தொலைவிலுள்ள அலுவலகம் ஒன்றில் எழுத்தரின் பொறி பழுதடைகிறது. தலைநகரின் உதவி மையத்தில் அமர்ந்திருக்கும் நிபுணர், அப்பொறியின் திரையைத் தம் திரையிலே கண்டு, தம் சுட்டியினாலேயே அதைச் சீர்செய்கிறார். இதற்குப் பயன்படும் மென்பொருளைத் தொலைத்திரைக் கருவி எனலாம். இத்தகைய கருவிகள் இன்று பல. அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதன் தேவையை விளக்க நெடிய வாதம் வேண்டியதில்லை. 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் விரைவு ரயிலில் தம்பானூரிலிருந்து புறப்படும் ஒருவர் காசர்கோடு சேர ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகிறது. ஓர் அச்சுப்பொறியின் அமைப்பைத் திருத்துவது 5 நிமிட வேலை. அதற்காக இரண்டு நாள் பயணம் செய்வது பொருத்தமன்று. கேரளப் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்விப் பணியை நடத்தும் 'கைட்' நிறுவனம், 2018-இல் 4,752 பள்ளிகளின் 45,000 வகுப்பறைகளைக் கணிப்பொறி வசதியுடையனவாக ஆக்கியது. இவ்வளவு பரந்த அமைப்புகளில் ஒவ்வொரு பழுதுக்கும் ஆளை அனுப்புதல் இயலாது.

திரை பயணம் செய்யும் விதம்

இன்றைய சாதாரணத் திரை ஒன்றில் அகலவாட்டில் 1,920, உயரவாட்டில் 1,080 என, மொத்தம் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 இரும இலக்கங்கள் வேண்டும். எனவே ஒரே ஒரு திரைத் தோற்றத்தை அப்படியே அனுப்ப ஏறத்தாழ 5 கோடி இலக்கங்கள் தேவை. விநாடிக்கு 25 தோற்றங்கள் என்றால் அது 124 கோடியைத் தாண்டும். கிராமத்து அலுவலகத்தின் இணைப்பு இச்சுமையைத் தாங்காது.

எனவே கருவிகள் சிக்கன வழிகளைக் கையாளுகின்றன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் உருவான 'வி.என்.சி.' முறை, திரையில் மாறிய பகுதியை மட்டும் செவ்வகங்களாக வெட்டிச் சுருக்கி அனுப்புகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1998-இல் வழங்கிய 'ஆர்.டி.பி.' முறையோ தொடக்கத்தில் படத்தை அனுப்பாமல், 'இங்கே ஒரு கட்டம் வரைக, இங்கே இவ்வெழுத்தை இடுக' என்னும் வரைகட்டளைகளையே பெரும்பாலும் அனுப்பிற்று. எழுத்துப் பணிக்கு இரண்டுமே போதும். ஆகவே விளம்பரங்களில் வேகத்தைப் பற்றிக் கூறப்படுவதை மட்டும் கொண்டு ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்தல் தகாது.

வழி எங்கே செல்கிறது?

அலுவலகத் தொலைபேசிகளில் உள்கிளை எண்கள் இருப்பதை யாவரும் அறிவர். 23 என்னும் கிளை எண்ணை வெளியூரிலிருந்து நேரே அழைக்க முடியாது. பொது எண்ணை அழைத்து, அங்கிருந்து இணைப்புப் பெறவேண்டும். அலுவலகக் கணிப்பொறிகளுக்கும் பெரும்பாலும் இத்தகைய உள்முகவரிகளே உண்டு. இதனால் பல தொலைத்திரைக் கருவிகள் இரு பொறிகளையும் பொது இடத்திலுள்ள ஓர் இடைநிலைக் கணிப்பொறியில் சந்திக்கச் செய்கின்றன. நேரடி வழி அமையாதபோது, திரைத் தோற்றம் முழுவதும் அவ்விடைநிலைப் பொறியின் வழியாகவே செல்லும்.

அப்பொறி எங்கே இருக்கிறது என்பதை அறிதல் இன்றியமையாதது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும். இடைநிலைப் பொறி 7,500 கி.மீ. தொலைவில் ஐரோப்பாவில் இருக்கிறது எனக் கொள்வோம். நிபுணர் சுட்டியை அழுத்திய செய்தி அங்கே சென்று, மீண்டும் கேரளத்துக்கு வந்து, அதன் விளைவு அதே வழியில் திரும்புவதற்கு 30,000 கி.மீ. ஆகும். பயணத்திற்கு மட்டுமே விநாடியில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் செல்லும். இடைநிலைப் பொறி திருவனந்தபுரத்திலேயே இருப்பின், காசர்கோட்டுக்குச் சென்று திரும்ப இதில் இருபதில் ஒரு பங்கும் ஆகாது.

தாமதத்தினும் பெரிய விஷயம், நம்பிக்கை. எனிடெஸ்க் நிறுவனம் தன் கணிப்பொறி அமைப்புக்குள் அந்நியர் புகுந்ததை 2024 பிப்ரவரியில் அறிவித்து, பயனாளர்களைக் கடவுச்சொற்களை மாற்றுமாறு கேட்டுக்கொண்டது. டீம்வியூவர் நிறுவனமும் தன் அலுவலக வலையமைப்பில் நிகழ்ந்த ஊடுருவலை அதே ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்டது. பிறரது இடைநிலைப் பொறியை நம்பும் அலுவலகம், அப்பிறரது பாதுகாப்பையும் நம்ப வேண்டியதாகிறது. அரசாங்கப் பதிவேடுகளைக் கையாளும் அலுவலகங்கள் இடைநிலைப் பொறியைத் தம் வசமே வைத்துக்கொள்ள இடமளிக்கும் கருவிகளை முதலில் ஆராய்தல் நன்று. மூலநிரல் வெளியிடப்பட்டுள்ள ரஸ்ட்டெஸ்க் அத்தகையது.

அனுமதி யாருடையது?

இனித் தலையாய கேள்விக்கு வருவோம். பழுதுபார்ப்பவருக்குக் கதவைத் திறந்துவிடும் அதே கருவி, திருடனுக்கும் கதவைத் திறக்கும். 2019 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளை இது குறித்து எச்சரித்தது. மோசக்காரர்கள் மக்களை எனிடெஸ்க் செயலியைத் தங்கள் கைபேசியில் நிறுவச்செய்து, அதில் தோன்றும் 9 இலக்க எண்ணைக் கேட்டறிந்து, அனுமதிகளையும் பெற்று, வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைக் கவர்ந்தனர். விண்டோஸில் கிடைக்கும் 'குயிக் அசிஸ்ட்' கருவியும் அவ்வாறே தவறாகப் பயன்படுத்தப்படுவதை மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதத்தில் அறிவித்தது.

இம்மோசங்களுள் பலவற்றில் பூட்டு உடைக்கப்படவில்லை. உரியவரின் கையாலேயே திறக்கப்பட்டது. ஆதலால் கருவியின் தகுதியை அளக்கும் முதற்கோல் வேகமுமன்று, விலையுமன்று. திரையின் முன் அமர்ந்திருப்பவர், தம் பொறியில் நடப்பதை முழுவதும் காண்கிறாரா, அவர் இசைந்த பின்னரே நிபுணர் உள்ளே வருகிறாரா, எந்த விநாடியிலும் ஒரே விசையால் அவரை வெளியேற்ற முடியுமா என்னும் மூன்றுமே அக்கோல்.

இக்கோலால் அளந்தால், புகழ்பெற்ற கருவிகளும் இடத்துக்கு ஏற்பவே பொருந்துகின்றன என்பது விளங்கும். ஆர்.டி.பி. வழியே நிபுணர் சாதாரண விண்டோஸ் பொறி ஒன்றுக்குள் நுழைந்தால், அங்குள்ள திரை பூட்டப்பட்டுவிடும். எழுத்தர் ஏதும் காணார். ஆளில்லாத மையப் பொறிகளைப் பராமரிக்க அது சிறந்தது. எழுத்தருக்கு உதவ ஏற்றதன்று. மேலும் விண்டோஸின் 'ஹோம்' பதிப்புப் பொறிகளுக்குள் அவ்வழியே நுழைய வசதியில்லை. ஆர்.டி.பி. வாயிலை இணையத்துக்கு நேரே திறந்துவைத்தல் பேராபத்து. 2019 மே மாதத்தில் அம்முறையில் கண்டறியப்பட்ட குறை மிகக் கடுமையாக இருந்ததால், ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்.பி.க்குங்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வழங்கிற்று.

பழைய வி.என்.சி. முறையில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துக்களே கணக்கில் கொள்ளப்படும். திரைச் செய்தியும் சங்கேதமாக்கப்படாமல் செல்லும். பாதுகாப்பான தனிவழிக்குள் அன்றி அதைப் பயன்படுத்தலாகாது. குயிக் அசிஸ்ட் ஒவ்வொரு முறையும் புதிய குறியெண்ணையும் இசைவையும் கேட்கிறது. எழுத்தர் யாவற்றையும் கண்டுகொண்டிருக்கலாம். ஆயின் நிர்வாக அனுமதி கோரும் பெட்டி தோன்றும்போது, நிபுணரின் திரை வழக்கமாகக் கறுத்துவிடும். மென்பொருள் நிறுவும் பணிகளில் இது இடையூறாகும்.

கேரளப் பள்ளிகளில் குனு/லினக்ஸ் வழங்குகிறது. மற்ற இடங்களில் விண்டோஸ் மிகுதி. இரண்டும் கலந்த அலுவலகங்களில், இரண்டிலும் ஒருங்கே இயங்கும் கருவியே வேண்டும். லினக்ஸின் புதிய திரையமைப்பான 'வேலண்ட்', பயனாளரின் இசைவின்றி ஒரு செயலி திரையைப் படிக்க இடங்கொடுப்பதில்லை. பழைய கருவிகள் சில அதில் தடுமாறுவது இதனாலேயே. இத்தடையை அகற்ற முனையாமல், இதற்கு இணங்கும் கருவியைத் தேடுதலே அறிவுடைமை.

தேர்வுக்கு முன் செய்யத்தக்க சோதனை

உதவி மையத்திலுள்ள புதிய பொறிகள் இரண்டுக்கிடையே கருவியைச் சோதித்துத் திருப்தியடைதல் வழக்கமாக நிகழும் பிழை. சோதனையை மிகப் பழைய பொறியிலும், மிக மெதுவான இணைப்பிலும், கணிப்பொறிப் பழக்கம் மிகக் குறைந்த ஊழியரிடமும் நடத்த வேண்டும். நிபுணர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவ்வூழியர் தாமே இணைப்பைத் தொடங்க முடிகிறதா? இணைப்பு நடுவே அறுந்தால் என்ன ஆகிறது? 'நிறுத்து' என்னும் விசையை அவர் உடனே கண்டுகொள்கிறாரா? திரையின் சொற்கள் அவர் அறிந்த மொழியில் உள்ளனவா? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே விலைப்பட்டியலைப் பார்க்கலாம்.

யார், எப்போது, எந்தப் பொறிக்குள் சென்றார் என்ற பதிவைக் கருவி தானே எழுதிவைத்தல் வேண்டும். மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 28-4-2022 அன்று பிறப்பித்த ஆணையின்படி, கணிப்பொறி அமைப்புகளின் நிகழ்வுப் பதிவுகளை 180 நாட்கள் பேணுதலும், ஆணையிற் கூறப்பட்ட வகைப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவித்தலும் கடமையாகும். பதிவு எழுதாத கருவி எவ்வளவு மலிவாயினும் அலுவலகத்துக்கு உதவாது.

இறுதியாக, கருவியோடு கூடவே ஒரு நடைமுறையும் வகுக்கப்படவேண்டும். ஊழியர் தாமே உதவி மையத்தை அழைத்தாலன்றி, எவருக்கும் குறியெண்ணைக் கூறலாகாது. 'மையத்திலிருந்து பேசுகிறோம்' என்று வரும் அழைப்பைத் துண்டித்து, அறிவிப்புப் பலகையில் உள்ள எண்ணைத் தாமே அழைத்துச் சரிபார்க்க வேண்டும். பணம் பறிபோனதாக அறிந்தால், தாமதமின்றி 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். இச்சில வரிகளை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு திரையின் அருகிலும் ஒட்டிவைக்கச் செலவு ஏதும் இல்லை. அதைச் செய்யாத அலுவலகத்தை எந்த விலையுயர்ந்த கருவியும் காவாது.