வழக்கும் எல்லையும்

பழவேற்காட்டு ஏரி தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரவியுள்ளது. நீரில் கோடு தெரியாது. கரையிலுள்ள மனைக்கோ எல்லை உண்டு. மனையின் உரிமை பற்றிய வழக்கை, அம்மனை எந்த நீதிமன்றத்தின் எல்லையுள் இருக்கிறதோ அங்கேயே தொடுக்கவேண்டும் என்கிறது 1908-ம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16-வது பிரிவு. பழவேற்காட்டு மனைக்காக ஒருவர் சூலூர்பேட்டையில் பிராது கொடுத்தால், பொன்னேரியே உரிய இடம் என்று எதிர்வாதி ஆட்சேபிக்கலாம்.

ஆனால் காலம் தாழ்த்தலாகாது. 21-வது பிரிவின்படி, எழுவினாக்கள் வகுக்கப்படுமுன், முதல் வாய்ப்பிலேயே ஆட்சேபத்தைச் சொல்லவேண்டும். முதல் மன்றத்தில் வாளாவிருந்தவர் மேல்முறையீட்டில் அதனை எழுப்புதல் அரிது. ஆட்சேபம் ஏற்கப்பட்டால் உரிமை அழிவதில்லை. உரிய மன்றத்தில் தாக்கல் செய்யுமாறு பிராது திருப்பித் தரப்படும்.

குர்கானிலுள்ள மனைக்காக 1988-ல் டில்லியில் ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. எதிர்வாதி முதலில் டில்லி மன்றத்தை ஒப்புக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்தே ஆட்சேபித்தார். கட்சிக்காரர் இசைந்தாலும் இல்லாத அதிகாரம் வந்துவிடாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினேழு ஆண்டுகளும் செலவும் வீணாயின.

ஆகவே அங்கத்தினர்களே, சம்மன் வந்தவுடன் பட்டாவை எடுங்கள். கிராமம், தாலுகா, சர்வே எண் மூன்றையும் பாருங்கள். பிறகு வழக்கறிஞரிடம் முதற்கேள்வியாக இதனைக் கேளுங்கள்: இம்மன்றம் நம் மனையின் மன்றந்தானா?