குழந்தைக் கொடுமையும் புறக்கணிப்பும்: வரையறை பற்றிய சில குறிப்புகள்

குழந்தைகளுக்கு இழைக்கப்படும் தீங்கினைக் குறிக்கத் தமிழில் ஒருமித்த கலைச்சொல் இன்னும் நிலைபெறவில்லை. மலேசியத் தமிழ் நாளேடுகள் ‘சித்திரவதை’ என்றும் ‘கொடுமை’ என்றும் எழுதுகின்றன. இலங்கையில் ‘சிறுவர் துஷ்பிரயோகம்’ என்பதே ஆட்சி வழக்கு. தமிழகத்தில் ‘வன்கொடுமை’, ‘வன்முறை’ ஆகியவை பரவலாக வழங்குகின்றன. இச்சொற்கள் அனைத்தும் கடுமையான செயலொன்றை நம் கண்முன் நிறுத்துபவை. ஆயின், இப்பொருளின் மற்றொரு பாதியாகிய புறக்கணிப்பில் செயல் என்று எதுவும் நிகழ்வதில்லை. செய்யவேண்டியது செய்யப்படாமல் போவதே அங்குத் தீங்காகிறது. வரையறை பற்றிய சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது எனலாம்.

மருத்துவ உலகம் இதனைத் தனியொரு நிலையாக ஏற்றுக்கொண்டதே அண்மைக் காலத்தில்தான். 1962ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்பியும் அவர்தம் குழுவினரும் ‘அடிக்கப்பட்ட குழந்தை’ குறித்து எழுதிய கட்டுரை திருப்புமுனையாக அமைந்தது. நம் நாட்டில் 1985இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் இத்தகைய குழந்தைகளைக் கவனிக்கத் தனிக்குழு அமைக்கப்பட்டது. 1990இல் சிறு குழந்தையொன்று துன்புறுத்தப்பட்டு இறந்தமை நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டே சிறார் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதனையும் வேறு இரு சட்டங்களையும் ஒன்றிணைத்துப் பிறந்ததே 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த எவரும் இச்சட்டத்தின்படி சிறாரே.

இச்சட்டத்தின் 17ஆம் பிரிவு ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படித்திருக்க வேண்டியது. விபத்தாக அன்றி விசையாலோ வேறு பொருளாலோ உடலில் ஏற்பட்ட, கண்ணால் காணத்தக்க கணிசமான காயம் உடற்காயம் ஆகும். கிழிசல், கன்றல், சிராய்ப்பு, எலும்பு முறிவு, தீப்புண், வெந்நீர்ப்புண் ஆகியவற்றோடு பல்லும் முடியும் இழத்தலும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. பதற்றம், மனச்சோர்வு, ஒதுங்குதல், மூர்க்கம், வளர்ச்சிக் குறைவு போன்றவற்றால் வெளிப்படும் உளப் பாதிப்பு உணர்வுக் காயம் எனப்படுகிறது. பாலியல் கொடுமை பற்றிய வரையறையில் ஒரு நுட்பம் உண்டு. குழந்தை பங்கேற்றிருக்க வேண்டும் என்பதில்லை; பார்வையாளராக இருத்தப்பட்டிருந்தாலே போதும். தொட்டால்தான் குற்றம் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் உண்டாதலின் இதனை வலியுறுத்த வேண்டியுள்ளது.

உடற்காயத்தில் நாம் நோக்கவேண்டியது அதன் இடமும் வடிவமும் ஆகும். ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் முன்னெற்றியிலும் அடிபடுவது இயல்பு. காது, கழுத்து, வயிறு, முதுகு ஆகியன தாமாக அடிபடும் இடங்கள் அல்ல. பிரம்படி இணைகோடுகளாகத் தடிக்கும். வெந்நீரில் அமிழ்த்தப்பட்ட கால், காலுறை அணிந்தாற்போல் நேரான விளிம்புடன் வெந்திருக்கும். கன்றலின் நிறத்தைக் கொண்டு அது எந்நாளில் ஏற்பட்டது என்று கணிக்கும் பழைய வழக்கத்தை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. எந்த அடையாளமும் தனித்து நின்று எதனையும் மெய்ப்பிப்பதும் இல்லை.

இங்கே கண்டிப்புக்கும் கொடுமைக்கும் உள்ள எல்லை பற்றிய வினா எழும். ‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பள்ளியிலுங்கூட 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள், மாணவரை உள்ளங்கையிலோ ஆடைமேல் பிட்டத்திலோ மட்டுமே பிரம்பால் அடிக்க இடமளிக்கின்றன. மாணவியரை அடிக்கவே கூடாது. பிரம்பை ஓரளவு ஏற்ற விதிமுறைகளே இவ்வளவு குறுகிய எல்லையை வகுத்திருக்க, பழமொழியோ எந்த எல்லையையும் வகுப்பதில்லை.

புறக்கணிப்புக்கு வருவோம். மேற்கண்ட மூன்று வரையறைகளைப் போன்ற தனி வரையறை அதற்கு 17ஆம் பிரிவில் இல்லை. தக்க கவனிப்பு, உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றை அளிக்கத் தவறுதல் அல்லது அளிக்க விரும்பாமை என்றே சட்டம் பேசுகிறது. ‘தக்க’ என்பதன் அளவை யார் முடிவு செய்வது? செபராங் பிறைத் தோட்டங்களில் தாய்மார் விடியுமுன் பால்மரக் காட்டுக்குச் சென்றபோது பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில் விடப்பட்டனர். ஒரே ஆயா பலரைப் பார்த்துக்கொண்டார். அக்கவனிப்பு போதுமானதன்று, எனினும் அத்தாயரைப் புறக்கணித்தவர் என நாம் கூறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. கொட்டகையும் மறைந்தது, ஆயாவும் மறைந்தார். ஆனால் இருவேளை மாற்றுப்பணி மறையவில்லை. பூட்டிய வீட்டுக்குள் தம்பியைக் காக்கும் ஒன்பது வயதுச் சிறுமியின் நிலை வறுமையா, புறக்கணிப்பா? நியாயமான கண்காணிப்பின்றிச் சிறாரை விட்டுச்செல்லுதல் 33ஆம் பிரிவின்படி குற்றமே. எனினும், இயலாமையையும் இயன்றும் செய்யாமையையும் பிரித்தறிவது நம் கடமை எனக் கருதுகிறோம். முன்னதற்கு வேண்டுவது உதவி. பின்னதற்கே தலையீடு. மேலும், பசியோடு வருதல், அடிக்கடி வாராமை, மருந்திடப்படாத பல்வலி என்பன வசதியுள்ள வீட்டிலும் நிகழக்கூடியவை.

தமிழாசிரியருக்கே உரிய பொறுப்பு ஒன்று உண்டு. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுட் பலர் தமக்கு நேர்ந்ததை முதலிற் சொல்வது தமிழில்தான். காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் அது பெரும்பாலும் மலாய்மொழியிலேயே பதிவாகிறது. ‘மாமா’ என்று குழந்தை கூறினால் அவர் தாயின் உடன்பிறந்தவராகலாம், தந்தையின் நண்பராகலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் ஆகலாம். ‘பாக்சிக்’ எனப் பெயர்த்த மாத்திரத்தில் ஆள் யாரென்ற குறிப்பு மங்கிவிடும். ‘தொந்தரவு பண்ணினார்’ என்பது வெறும் சீண்டலையும் குறிக்கும். சொல்ல நாணும் ஒன்றையும் குறிக்கும். ஆகவே குழந்தை கூறியதைக் கூறியவாறே, நாளும் நேரமும் இட்டு எழுதி வைத்தல் வேண்டும். ‘என்ன நடந்தது?’ என்பது போன்ற திறந்த வினா போதும். ‘அவர் இப்படிச் செய்தாரா?’ எனக் கேட்பது விடையை நாமே ஊட்டுவதாகும். துருவித் துருவிக் கேட்பது நம் பணியன்று.

2001ஆம் ஆண்டுச் சட்டம் தகவல் தரும் கடமையை மருத்துவர், குடும்பத்தினர், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகியோர் மீது வெளிப்படையாகச் சுமத்தியது. அவ்வரிசையில் ஆசிரியர் என்னும் பெயர் தனித்து இடம்பெறவில்லை. நம்மவர் பலர் இதனை விலக்காகக் கொண்டதை ஆசிரியர் கூட்டங்களில் நாம் கேட்டதுண்டு. ‘குடும்ப விஷயம், நமக்கேன்’ என்பதே அவர்தம் வாதம். 2017ஆம் ஆண்டுச் சிறாருக்கெதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் அவ்வாதத்திற்கு இடம் தரவில்லை. அக்குற்றம் பற்றி அறிந்தும் தெரிவிக்காத எவருக்கும் ஐயாயிரம் ரிங்கிட் வரை அபராதம் உண்டு. பிற வகைக் கொடுமைகளைச் சமூக நல இலாகாவிடமோ 15999 என்னும் எண்ணிலோ தெரிவிக்கலாம். தெரிவிப்பவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நியாயமான ஐயம் இருந்தாலே போதுமானது. ஆராய்ந்து முடிவு காண்பது அதிகாரிகளின் பணி.