எல்லைக்கோடும் சோதனை முறையும்

சமுதாய ஆய்வில் சோதனை என்பது, ஒரு காரணியை ஒரு குழுவினரிடம் மட்டும் புகுத்தி, ஏனையவற்றால் ஒத்த பிறிதொரு குழுவோடு ஒப்பிட்டு விளைவறிதலாம். குழுக்களைத் திருவுளச்சீட்டால் பிரித்தல் சிறப்பு. ஆயின் கோயில் நுழைவுரிமையை ஓரூர்க்கு அளித்து மற்றோரூர்க்கு மறுக்க ஆய்வாளர்க்கு ஏது உரிமை? அரசியல் எல்லைகளே சிற்சில இடங்களில் அதனைச் செய்து வைத்துள்ளன.

தென்காசியும் செங்கோட்டையும் அணித்தே அமைந்த ஊர்கள். இரண்டிலும் வழங்குவது தமிழே. குற்றாலச் சாரலும் எல்லை பார்த்துப் பொழிவதில்லை. எனினும் 1956 நவம்பர் 1 வரை முன்னது சென்னையையும் பின்னது திருவிதாங்கூர்ப் பகுதியையும் சார்ந்திருந்தன. 1936-இல் திருவிதாங்கூர் அரசு, பிரகடனம் ஒன்றால், தன் ஆளுகையிலிருந்த கோயில்களை இந்துக்கள் அனைவர்க்கும் திறந்தது. சென்னையில் 1939-ஆம் ஆண்டுச் சட்டம், திறக்க இசைந்த அறங்காவலர்க்குக் காப்பளித்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டமே நுழைவைப் பொதுவுரிமையாக்கியது. ஆகவே இடைப்பட்ட காலத்தில் செங்கோட்டையைச் சோதனைக் குழுவாகவும், தென்காசி, குற்றாலம் ஆகியவற்றை ஒப்புக் குழுவாகவும் கொள்ளலாம் எனத் தோன்றும்.

‘தோன்றும்’ என்றே யாம் கூறுகின்றோம். இவ்வெல்லை சீட்டெடுத்து அமைந்ததன்று. 1936-க்கு முன்னரே இருபுறமும் கல்வியில் வேறுபட்டிருப்பின், பின்வந்த வேறுபாட்டைப் பிரகடனத்தின்மேல் ஏற்றுதல் பிழை. மணவுறவாலும் சந்தையாலும் மக்கள் கலந்தனராதலின், ஒருபுற மாற்றம் மறுபுறத்தையும் இயக்கியிருக்கக்கூடும். அவ்வாறாயின் விளைவு உள்ளதினும் குறைந்தே காணப்படும்.

மேலும், கதவு திறந்தமை வேறு. மக்கள் உட்சென்றமை வேறு. அன்று கண்டோர் இன்று அரியர். தந்தையிடம் கேட்டதாகப் பிள்ளைகள் உரைப்பதோ, வினவுவோர் இன்னார் என்பதற்கேற்ப மாறும். எனவே 1936-க்கு முற்பட்ட பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளையும் கோயிற் கணக்குகளையும், இருபுறமும் ஒரே ஆண்டுகளுக்குத் திரட்டிய பின்னரே மாணவர் களம் புகுதல் வேண்டும்.