மருத்துவ மாணவரின் இயல்பும் துறைத் தேர்வும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றன. 2001-ஆம் ஆண்டில் அவை மூடப்படும் வரையில், அங்கு உழைத்தவருள் பெரும் பகுதியினர் தமிழ் மக்களே. இரு வேறு இடர்கள் அவர்களைத் தொடர்ந்தன. ஒன்று பாறைச் சிதறல்: அழுத்தம் தாங்காத பாறை கணநேரத்தில் வெடித்து உடலைச் சிதைக்கும். மற்றொன்று சிலிகாசிஸ்: பாறையைத் துளைக்கையில் எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து மூச்சைக் குறுக்கும். 1940-களில் அங்கு பரிசோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவரிடம் இந்நோய் காணப்பட்டது.

இவ்விரு நோயாளருக்கும் வேண்டிய மருத்துவர் ஒருவரே அல்லர். முன்னவருக்கு நொடியில் முடிவெடுக்கும் ரண சிகிச்சையாளர் தேவை. பின்னவரின் நோய்க்கு முழுக் குணமில்லை. எக்ஸ்-ரே படத்தோடு வேலை வரலாற்றையும் கேட்டறிந்து, காசநோய் சேராமல் கண்காணித்து, ஆண்டுக்கணக்கில் உடன் நிற்கும் பொறுமையே அவருக்கு மருந்து.

அவ்வாறாயின் மாணவரின் இயல்பே அவரது துறையைத் தீர்மானிக்கின்றதா? அமெரிக்காவில் இசபெல் மையர்ஸ் அம்மையார் 1950-களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவ மாணவரின் மனப்பாங்கை வகைப்படுத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் மேற்கொண்ட துறைகளோடு அதனை ஒப்பிட்டபோது, ஓரளவு தொடர்பு தென்பட்டது. எனினும், மனிதரைச் சில வகைகளுள் அடக்கும் அம்முறையை உளவியலார் பலர் இன்று ஏற்பதில்லை. கடமையுணர்வு, இணக்கம் முதலிய ஐந்து பண்புகளை அளவிடும் முறையே இப்போது பெரிதும் வழங்குகின்றது. அம்முறையிலும் துறைக்குத் துறை காணும் வேறுபாடு சிறிதே. ஒரே துறையினருள் காணும் வேறுபாடோ பெரிது.

நம் நாட்டில் இயல்பைக் காட்டிலும் வலியது தரவரிசை. முதுநிலைப் படிப்பில் இடம், தேசிய நுழைவுத் தேர்வின் வரிசைப்படியே கிடைக்கின்றது. கதிரியக்க நோயறிதல் போன்ற துறைகள் விரைவில் நிரம்புகின்றன. சமூக மருத்துவத்திலோ இடங்கள் காலியாக நிற்பதும் உண்டு. தொழில்நோய்களைக் கற்பிக்க வேண்டிய துறை அதுவே.

சுரங்கம் மூடப்பட்டதால் நோய் நின்றுவிடுவதில்லை. தூசியை விட்டு விலகிய பின்னும் சிலிகாசிஸ் முற்றக்கூடும். ஆகவே பழைய தொழிலாளருக்கு இன்றும் பொறுமையுள்ள மருத்துவர் வேண்டும். இயல்பு ஒரு சாய்வேயன்றி விதியன்று. கண்டறியாத துறையை எந்த மாணவரும் விரும்பித் தேர்ந்தெடுக்க இயலாது.

எனவே ஆசிரியர்கள், "உனக்கு எத்துறை பொருந்தும்?" என வினவுமுன், மாணவரை இத்தகைய நோயாளரிடம் அழைத்துச் செல்வது நலம். களப் பணியாளர்களும், இருமலோடு வரும் முதியவரிடம் "முன்னர் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டு எழுதி வைப்பாராக. அவ்வொரு வரியே ஒரு மாணவருக்குத் தம் துறையைக் காட்டிவிடக்கூடும்.