உங்களுக்குத் தெரியுமா? காதுக்குள் கேட்ட குரல்கள்

ஒரத்தநாட்டுப் பக்கம் வரப்பில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால், 'காத்துக் கருப்பு அடிச்சிருக்கும்' என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த மனிதருக்குள் என்னதான் கேட்கிறது? அதை உள்ளேயிருந்தே எழுதிக்காட்டியவர் இதே தஞ்சை மண்ணின் எழுத்தாளர், கும்பகோணம் எம்.வி.வெங்கட்ராம் (1920–2000). பட்டு ஜரிகை வியாபாரம் பார்த்தவர். 'மணிக்கொடி' இதழில் எழுத ஆரம்பித்தவர்.

அவருடைய 'காதுகள்' நாவலுக்கு 1993இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. நாயகன் மகாலிங்கத்தின் காதுக்குள் ஓயாமல் குரல்கள். ஏசுகின்றன, மிரட்டுகின்றன, ஆபாசம் பேசுகின்றன. கையால் பொத்தினாலும் அடங்குவதில்லை. மனைவி, பிள்ளைகள், கடன் என்று குடும்பம் ஒரு பக்கம் நடக்க, அவன் மட்டும் அந்த இரைச்சலோடு தனியே கிடக்கிறான். இது தன் சொந்த அனுபவம் என்று வெங்கட்ராமே வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

மருத்துவம் இதைச் செவிப்புலப் பிரமை என்கிறது. நாவலோ நோயின் பெயர் சொல்லாமல், தெய்வத்துக்கும் தீய சக்திக்குமான போராட்டமாகவே, அவன் உணர்ந்தபடியே அதைக் காட்டுகிறது. எனக்கு அதன் பெரிய பலமே இதுதான்.

கூடவே படிக்க: மனநோயாளிகளின் பேச்சை அருகிருந்து கேட்டு கோபிகிருஷ்ணன் எழுதிய 'உள்ளேயிருந்து சில குரல்கள்'.