கோலைப் பார்த்தால் போதாது

திம்புள்ள மலைச்சரிவில், தலவாக்கலை, லிந்துலை, கொட்டகலைப் பக்கம், ஒரு வாரம் விடாமல் காய்ச்சல் அடித்தால் அடுத்த காம்பராக்காரரே பெயர் வைத்துவிடுவார்: நெருப்புக்காய்ச்சல். பீலித் தண்ணீரும் மேட்டு லயத்தின் மலசலகூடக் கசிவும் ஒரே சரிவில் இறங்கக்கூடிய மலையில் அந்தச் சந்தேகம் அநியாயமானதல்ல. ஆனால் அதை உறுதிசெய்யச் சுலபமான வழி இல்லை. நெருப்புக்காய்ச்சலைத் தரும் சல்மொனெல்லா டைஃபி, இரண்டு மூன்று மைக்ரோமீற்றர் நீளமுள்ள ஒரு கோல் வடிவ பக்டீரியா. நம் குடலில் சாதுவாக வாழும் ஈ. கோலையும் கோல்தான், காசநோய்க் கிருமியும் கோல்தான், தயிரில் இருக்கும் லக்டோபசிலசும் கோல்தான்.

இவற்றைப் பிரிக்க ஆய்வுகூடம் முதலில் சாயத்தை நாடுகிறது. டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட முறைப்படி சாயமிட்டால் தயிர்க்கோல் ஊதாவாகவும், சல்மொனெல்லாவும் ஈ. கோலையும் இளஞ்சிவப்பாகவும் தெரியும். மெழுகுச் சுவர்கொண்ட காசநோய்க் கோலுக்கு வேறு சாயம். ஏறிய சிவப்பை அமிலத்தால் கழுவினாலும் அது விடாது. ஆனால் இளஞ்சிவப்புக் கோல்கள் இரண்டையும் நுணுக்குக்காட்டியால் பிரிக்க முடியாது. அவற்றுக்குச் சாப்பாடு போட்டுத்தான் பார்க்க வேண்டும். மக்கொங்கி வளர்ப்பூடகத்தில் ஈ. கோலை பாற்சர்க்கரையைத் தின்று அமிலம் விட்டுச் சிவந்த புள்ளிகளாக வளரும். சல்மொனெல்லா அதைத் தொடாமல் நிறமற்று நிற்கும். பிறகு குளுக்கோசு, யூரியா என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் அதற்கென்றே உள்ள எதிர்ச்சீரத்தில் திரள்கிறதா என்று சோதிப்பார்கள்.

இத்தனை பாடு எதற்கு, வைடால் பரிசோதனை மலிவாகவும் சீக்கிரமாகவும் சொல்லிவிடுமே என்று கேட்கலாம். 1896இல் வந்த அந்தச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க உடல் செய்த பொருளைத் தேடுகிறது. நோய் அடிக்கடி வந்துபோகும் ஊரில் பழைய தொற்றும், உறவுக்காரக் கிருமியும்கூட அந்தப் பொருளை விட்டுச் சென்றிருக்கும். இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலியது: நோயாளியின் இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்தெடுக்க நாட்கள் ஆகும், வளர்த்தாலும் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அகப்படாது. உண்மைதான். அதனால் கிருமி வளரவில்லை என்றால் நோயில்லை என்று சொல்ல முடியாது. வளர்ந்துவிட்டாலோ சந்தேகத்துக்கு இடமில்லை, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் தெரிந்துவிடும். வைத்தியத்தைத் தள்ளிப்போடவும் வேண்டியதில்லை: முதலில் இரத்தம், உடனே மருந்து. பாமசியில் வாங்கிய குளிசையை நாலு நாள் விழுங்கிவிட்டு இரத்தம் கொடுத்தால்தான் கோல் அகப்படுவது அரிதாகிறது. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஆய்வுகூடம் வேண்டாம். உரிய போத்தலும் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வாகனமும் போதும்.

தண்ணீரைச் சோதிப்பவர்கள் வழக்கமாக டைஃபியைத் தேடுவதில்லை, ஈ. கோலையைத் தேடுகிறார்கள். அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது. 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் அளவுகோல். தலைமுறை தலைமுறையாக இந்தப் பீலியில்தானே குடித்தோம் என்பார்கள். நோய் தீர்ந்தவர்களில் சிலர் பித்தப்பையில் அந்தக் கோலை ஓராண்டுக்கு மேலும் சுமப்பார்கள்; காய்ச்சல் இல்லை, சோர்வும் இல்லை. பீலிக்கு மேலே அப்படியொருவர் குடிவந்தால், நேற்றுவரை குடித்த அதே தெளிந்த தண்ணீர்தான் இன்றும் வரும், கோலோடு.